கம்பளிக் கோட்டா, ட்ரெஞ்சா, பஃபரா? ஒரே ஒரு கோட் வாங்கப் போகிறவர்களுக்கு

குளிர்காலம் நெருங்கும்போது தோழிகளிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "நல்ல கோட் ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும். எதை எடுக்க?" கூடவே தயங்கித் தயங்கி இன்னொரு வரியும் வரும்: "நான் கொஞ்சம் குண்டு." "எனக்கு உயரம் குறைவு." "என் தோள் அகலம்."

அந்த இரண்டாவது வரி என்னை ஒவ்வொரு முறையும் சங்கடப்படுத்துகிறது. உடம்பை ஆப்பிள், பேரிக்காய் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட் சொல்லும் பட்டியல்கள் நிறைய உண்டு. அவற்றை நம்பி வாங்கியவர்களின் அலமாரியில் போடாத கோட்டுகள் தொங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். தோளில் சரியாக உட்கார்ந்து, சரியான இடத்தில் முடிந்து, நீங்கள் வாழும் குளிருக்கு ஈடுகொடுக்கிற கோட் யார் போட்டாலும் எடுப்பாகத்தான் இருக்கும். குளிரில் விறைத்து, தோளைக் குறுக்கி நடப்பவருக்கு எந்த வெட்டும் அழகு தராது.

## எதை வைத்து எடைபோடுவது

தோள். கோட்டின் பாரம் முழுவதும் தொங்குவது இங்கேதான். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் விழ வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டுமே, அதற்காக ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி இருந்தால் பரவாயில்லை. உள்ளே ஏறி நின்றால் கையை முன்னால் நீட்டும்போதே முதுகு பிடித்து இழுக்கும். தையல்காரரிடம் கொடுத்து எளிதில் சரிசெய்ய முடியாத இடமும் தோள்தான். கையைப் பிரித்து, லைனிங்கைப் பிரித்து, தோள் பேடை எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டும். கை நீளத்தைக் குறைப்பது, பட்டனை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்த்துவது, பெல்ட் நுழையும் வளையத்தை மேலே ஏற்றுவது எல்லாம் சின்ன வேலைகள். ஆகவே தோள் பொருந்தி மற்றவை கொஞ்சம் பிசகினால் வாங்கலாம். தோள் பொருந்தாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தோள் தையலே இல்லாத கோட்டுகள் தனி ரகம். மேக்ஸ் மாரா என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்துக்காக ஆன்-மரி பெரெத்தா 1981இல் வடிவமைத்த 101801 என்ற கோட்டில், உடற்பகுதியோடு சேர்த்தே வெட்டிய கிமோனோ பாணிக் கைதான். இன்றுவரை அதை விற்கிறார்கள். அளவு சற்று முன்பின்னாக இருந்தாலும் உறுத்தாமல் இருப்பது அந்த வெட்டின் பலம். தோள் அளவு கிடைக்காமல் அல்லாடுகிறவர்கள் கிமோனோ கையையோ, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் இறங்கும் ராக்லன் கையையோ தேடுங்கள்.

முடியும் இடம். கோட்டின் கீழ் விளிம்பு நிற்கிற இடத்தில் பார்ப்பவர் கண்ணும் நிற்கும். இடுப்பின் மிக அகலமான இடத்தில் முடிந்தால் அந்த அகலம்தான் தெரியும். முழங்காலுக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே, அல்லது கெண்டைச் சதை மெலியத் தொடங்கும் இடம் ஆகிய மூன்றும் நல்ல இடங்கள். உயரம் குறைந்தவர்கள் நீளக் கோட் போடக் கூடாது என்று ஒரு விதி உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காலரிலிருந்து விளிம்புவரை ஒரே நிறம் தடையில்லாமல் இறங்கினால் ஆளை உயர்த்தித்தான் காட்டும். உயரம் குறைந்தவர்கள் பார்க்க வேண்டியது பாக்கெட் இருக்கும் இடத்தை. கோட்டின் நீளத்தை வெட்டிக் குறைக்கலாம், ஆனால் பாக்கெட் தொடைக்கு இறங்கியிருந்தால் அதை மேலே ஏற்ற வழியில்லை.

வழக்கமாக நீளப் பாவாடையோ கவுனோ போடுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே உடை ஒரு சாண் எட்டிப் பார்த்தால் இரண்டுமே தவறான நீளம் போலத் தோன்றும். உங்களுக்கு இடுப்புவரை நிற்கும் குட்டைக் கோட், அல்லது உடையை ஏறக்குறைய மூடிவிடும் நீளக் கோட். நடுத்தர நீளம் வேண்டாம்.

உள்ளே மிஞ்சும் இடம். என் முதல் கோட்டை மெல்லிய சட்டைமேல் போட்டுப் பார்த்து வாங்கினேன். உடம்போடு அழகாக ஒட்டியிருந்தது. "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்றார் கடைக்காரப் பெண். கடுங்குளிர் வந்து உள்ளே தடித்த ஸ்வெட்டர் போட்டதும் நடுப்பட்டன் பூட்டவில்லை. மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டே அந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்தேன். அன்றிலிருந்து, கோட் பார்க்கப் போகும்போது என்னிடம் இருப்பதிலேயே தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வெளியே நிற்கும் நேரம். வீட்டு வாசலிலிருந்து காருக்கு நடப்பவருக்கும், பேருந்துக்காக இருபது நிமிடம் நிற்பவருக்கும் வேண்டிய கோட் ஒன்றல்ல. நடக்கும் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும், நிற்கும் உடம்புக்கு அந்த வசதி இல்லை. உங்கள் ஊரில் குளிர் ஈரமானதா, வறண்டதா என்பதும் பாதி முடிவைச் செய்துவிடும்.

பிறகு ஆகும் செலவு. சலவை, சேமிப்பு, பழுது. விலைச்சீட்டில் இவை இருக்காது.

## கம்பளி நீளக் கோட்

ஒற்றை வரிசைப் பட்டன், முழங்கால் நீளம், மடிந்த காலர். ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அலுவலகம், விருந்து, துக்க வீடு, பயணம் என்று எங்கும் போட்டுக்கொண்டு போகலாம்.

கம்பளி இழை நேராக இருக்காது, சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு இடையே சிக்கிய காற்றுதான் சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதனால் வியர்த்தாலும் புழுங்காது, தூறலில் ஐந்து நிமிடம் நனைந்தாலும் கவலையில்லை. நெய்த பிறகு அடித்துச் சுருக்கி இறுக்கிய துணிக்கு மெல்டன் என்று பெயர். நெசவின் கண்கள் அடைபட்டுவிடுவதால் காற்று எளிதில் புகாது. பொருள் விவரச் சீட்டில் கம்பளி 70 சதவீதத்துக்குமேல் இருக்கட்டும். நைலான் 10 முதல் 20 சதவீதம் கலந்திருந்தால் உறுதிக்கு நல்லது. பாலியஸ்டர் பாதிக்குப் பாதி என்றால் எடுக்காதீர்கள். சூடும் குறைவு, உரசும் இடத்தில் துணி உருண்டை உருண்டையாகத் திரளும். அந்த உருண்டைகளைச் செயற்கை இழை பிடித்து வைத்துக்கொள்வதால் தானாக உதிரவும் உதிராது.

எடுப்பு என்று பார்த்தால், ஒற்றை வரிசைப் பட்டன் உடம்பின் நடுவே நேர்க்கோடு போட்டதுபோல இறங்கும். இரட்டை வரிசையில் மார்புமேல் துணி இரண்டு அடுக்காகப் படியும். மார்பு சிறியவர்களுக்கு அது அழகாக நிறைவு கொடுக்கும், மார்பு நிறைந்தவர்களுக்கு முன்புறம் பலகை வைத்ததுபோல் ஆகிவிடும். பட்டனைத் திறந்து போட்டாலும் இரட்டை வரிசையில் துணி பக்கவாட்டில் அலையும். திறந்துபோட்டு நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒற்றை வரிசையே வசதி.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது டிரை கிளீனிங். இதற்குப் பலரும் தேவைக்குமேல் செலவழிக்கிறார்கள். ஒரு குளிர்காலத்துக்கு ஒருமுறை, அதுவும் முடிவில், போதும். மற்ற நாட்களில் துணித் தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்து, காற்றாட மாட்டினால் சரி. இரண்டாவது பூச்சி. கம்பளியைத் தின்பது பறக்கிற பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் கறையும் படிந்த இடம்தான் அதற்கு மிகவும் பிடிக்கும். சுத்தம் செய்யாமல் உள்ளே வைத்த கோட் அடுத்த ஆண்டு ஓட்டையோடுதான் வெளியே வரும். புழு வந்துவிட்டதென்று சந்தேகமிருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். மூன்றாவது எடை. அடர்த்தியான நீளக் கோட் இரண்டு கிலோவரைகூட இருக்கும். கழுத்துவலி உள்ளவர்கள் கடையிலேயே கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நடந்து பார்ப்பது நல்லது.

## ராப் கோட்

பட்டன் இல்லாமல், ஒரு பக்கத்தை மறுபக்கத்தின்மேல் சுற்றி இடுப்பில் கட்டுவது. போலோ ஆட்டக்காரர்கள் ஆட்ட இடைவேளைகளில் உடம்பு ஆறிவிடாமல் இருக்க மேலே சுற்றிக்கொண்ட கோட்டிலிருந்து இதன் வழி தொடங்குகிறது. அதாவது, அவசரமாகச் சுற்றிக் கழற்றவே பிறந்த வடிவம் இது. அந்த எளிமையே இதன் அழகும் குறையும்.

எடை ஏறி இறங்குகிறவர்களுக்கும், கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பிறகும் இதைப்போல ஒத்துழைக்கும் கோட் வேறில்லை. மார்பு நிறைந்தவர்களுக்குக் கழுத்தருகே விழும் 'வி' வடிவத் திறப்பு அழகு. ஆனால் குளிர் முதலில் புகுவதும் அந்தத் திறப்பு வழியாகத்தான், எனவே மஃப்ளர் கட்டாயம். காற்றடித்தால் முன்பக்கம் விலகும். உட்கார்ந்தால் தொடைமேல் பிரியும். குழந்தையைத் தூக்கி இறக்கும் அம்மாக்கள் நாளுக்கு இருபது முறை பெல்ட்டை அவிழ்த்துக் கட்டிச் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் ஒரு மறைபட்டனாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தையல்காரரிடம் வைக்கச் சொல்லுங்கள்.

பெல்ட் நுழையும் வளையம் உங்கள் இடுப்பின் மெலிந்த இடத்தில் இல்லாவிட்டால் கோட்டின் எடுப்பே போய்விடும். நல்லவேளையாக அதை ஏற்றி இறக்குவது பத்து நிமிட வேலை.

இந்த வகை பெரும்பாலும் மென்மையான துணியில் வரும், காஷ்மீர் எனும் ஆட்டு மென்மயிர் கலந்தும் வரும். தொட்டால் விட மனம் வராது. ஆனால் தோளில் பை மாட்டுகிறவர் என்றால், ஒரே குளிர்காலத்தில் அந்தத் தோளும் பை உரசும் இடுப்புப் பக்கமும் உருண்டை கட்டிவிடும். கைப்பை வைத்திருப்பவர்களுக்குத்தான் காஷ்மீர் நெடுநாள் உழைக்கும்.

## ட்ரெஞ்ச் கோட்

இந்தக் கோட்டின் கதை அதன் துணியிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்துத் துணி வியாபாரி தாமஸ் பர்பெரி 1879இல் காபர்டீன் துணியை உருவாக்கி 1888இல் காப்புரிமை பெற்றார். நெய்த துணிக்குமேல் ரப்பர் பூசாமல், நூலிலேயே நீர் ஒட்டாத பக்குவம் செய்து இறுக்கமாக நெய்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் போட்டதால் இந்தக் கோட்டுக்கு ட்ரெஞ்ச் என்ற பெயர் நிலைத்தது. தோள்பட்டையில் பட்டன் வைத்த பட்டியும், மார்புக்குமேல் ஒரு பக்கம் படியும் மேல்மடிப்பும் அந்தக் காலத்து மிச்சங்கள்.

எடுப்பைப் பொறுத்தவரை அந்த மிச்சங்களே விஷயம். பட்டி, மேல்மடிப்பு, இரட்டை வரிசைப் பட்டன் மூன்றும் மேலுடம்புக்குப் பருமன் கூட்டும். தோள் குறுகி, இடுப்பு அகன்றவர்களுக்கு இது வரம். மேலும் கீழும் சமமாகிவிடும். தோள் அகன்றவர்களும் மார்பு நிறைந்தவர்களும் பட்டியில்லாத, ஒற்றை வரிசை ட்ரெஞ்சைத் தேடுங்கள், கிடைக்கும். பெல்ட்டை முன்னால் பக்கிளில் பூட்டாமல் பின்னால் முடிச்சுப் போட்டால் முன்புறம் நேராக விழும்.

ட்ரெஞ்ச் குளிருக்கான கோட் அல்ல. சுமார் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உள்ளே அடுக்க வேண்டும், அதற்கு ஒரு அளவு பெரியதாக எடுத்திருக்க வேண்டும். மழைக்கும் முழுக் காப்பு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவை தூறலைத் தாங்கும், அடைமழையில் தையல் வழியே நீர் இறங்கும். நீர் ஒட்டாத பக்குவம் சலவைக்குச் சலவை தேயும், மறுபடி ஏற்ற வேண்டும். வெளிர் மணல் நிறம்தான் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. அதில் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் ஒரே மாதத்தில் அழுக்கேறும். கருநீலம் எடுத்தால் அந்தத் தொல்லை பாதியாகும்.

வசந்தமும் இலையுதிர் காலமும் நீண்டு, உறைகுளிர் எட்டிப் பார்க்காத ஊர்களில் கம்பளியைவிட ட்ரெஞ்சே அதிக நாள் தோளில் இருக்கும்.

## பஃபர்

பறவையின் வெளி இறகுக்கு அடியில் இருக்கும் மென்பஞ்சுக்குத் தமிழில் 'தூவி' என்று அழகான பழைய சொல் இருக்கிறது. தைத்த அறைகளுக்குள் அந்தத் தூவியை அடைத்ததுதான் பஃபர். ஆடை வடிவமைப்பாளர் சார்ல்ஸ் ஜேம்ஸ் 1937இல் வெள்ளை சாட்டினில் இப்படியொரு மாலை விருந்து ஜாக்கெட் செய்தார். தூவி ஜாக்கெட்டுக்கு அமெரிக்க விளையாட்டுப் பொருள் வியாபாரி எடி பவர் 1940இல் காப்புரிமை பெற்றார். ஆகவே "பஃபர் என்றால் மலையேறுபவர்களுக்கு மட்டும்தான்" என்று ஒதுக்க வேண்டியதில்லை. நாகரிக உடையாகவும் அதற்கு நீண்ட வயது இருக்கிறது.

சீட்டில் 600, 700, 800 என்று ஓர் எண் இருக்கும். ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்ற கணக்கு அது. நகர வாழ்க்கைக்கு 600, 650 தாராளம். எண் பெரிதாக இருந்து அடைத்த தூவி குறைவாக இருந்தால் சூடும் குறைவுதான், எனவே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தூவி நனைந்தால் உப்பல் போய் சூடும் போய்விடும். ஈரக் குளிருள்ள ஊரிலும், பறவைத் தூவி மனதுக்கு ஒப்பாதவர்களுக்கும் செயற்கைப் பஞ்சு அடைத்தது சரி. நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆனால் சில ஆண்டுகளில் அமுங்கித் தட்டையாகிவிடும்.

பஃபர் குண்டாகக் காட்டும் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. குண்டாகக் காட்டுவது பஃபர் என்பதால் அல்ல, தையல் வரிகளால். அகலமான படுக்கைக் கோட்டு அறைகளும் பளபளக்கும் துணியும் சேர்ந்தால் உருளை உருளையாகத் தெரியும். நெருக்கமான வரிகள், அல்லது இடுப்பை நோக்கிச் சாய்ந்து இறங்கும் வரிகள், மங்கலான துணி, பக்கவாட்டில் அடைப்பில்லாத பட்டை, நடுத்தொடை நீளம் என்று தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் கண்ணாடியிலேயே தெரியும். வரிகள் மிக நெருங்கினால் ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் சூடு கசியும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

வீட்டிலேயே துவைக்கலாம், ஆனால் காய வைப்பதுதான் கஷ்டம். உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு, பல மணி நேரம் சுற்ற வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் தூவி கட்டி பிடித்து நாறும். சேமிக்கும்போது காற்றை உறிஞ்சும் பையில் போட்டு அமுக்காதீர்கள், உப்பல் திரும்பாது.

## ஒரே பார்வையில்

| | கம்பளி நீளக் கோட் | ராப் | ட்ரெஞ்ச் | பஃபர் |
|---|---|---|---|---|
| வறண்ட குளிர் | நன்று | ஓரளவு | போதாது | மிக நன்று |
| மழை | தூறல் மட்டும் | வேண்டாம் | தூறல் தாங்கும் | செயற்கைப் பஞ்சு என்றால் ஓரளவு |
| அலுவலகம், விசேஷம் | இரண்டுக்கும் | இரண்டுக்கும் | அலுவலகம் | சாதாரண நாட்கள் |
| அளவு பிசகினால் | தோள் விட்டுக்கொடுக்காது | தாங்கும் | ராக்லன் கை என்றால் தாங்கும் | தாங்கும் |
| பராமரிப்பு | டிரை கிளீனிங், பூச்சி | உருண்டை கட்டுதல் | நீர்ப்பக்குவம், அழுக்கு | காயவைத்தல், கிழிசல் |

## கோட்டுக்கு உள்ளே

பணத்தைக் கோட்டிலேயே முழுக்கப் போடுவதா, உள்ளே போடுபவற்றுக்கும் பிரிப்பதா? என் கணக்கு இது: வருடத்தில் நான்கு மாதம், மாதம் இருபது நாள் போட்டால் 80 நாள். ஆறு வருடத்தில் 480 நாள். அலமாரியில் இத்தனை முறை உழைக்கும் உடை வேறெதுவும் இல்லை. அதனால் பெரும்பங்கு கோட்டுக்கே. மிச்சத்தில் ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்குவதைவிட மெல்லிய மெரினோ கம்பளி இரண்டு வாங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்று போட்டால் நடுவில் காற்று தங்கும், கோட் அக்குளில் பிடிக்காது, உள்ளே போனதும் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

அடுத்தது மஃப்ளர். கருநீலமோ கரிச்சாம்பலோ கோட் எடுத்துவிட்டு, முகத்தருகே உங்களுக்குப் பொருந்தும் நிறத்தை மஃப்ளரில் கொண்டுவருவது எனக்குப் பிடித்த வழி. கறுப்பு எல்லாவற்றோடும் சேரும் என்பது உண்மை, ஆனால் தூசும் முடியும் பஞ்சும் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

## யாருக்கு எது

நடந்தும் வண்டியிலும் அலுவலகம் போகிறவர், குளிர் வறண்டது: கம்பளி. மழை அதிகம், உறைகுளிர் அபூர்வம்: ட்ரெஞ்ச், ஒரு அளவு பெரிதாக. பூஜ்யத்துக்குக் கீழே நீண்ட நேரம் வெளியே நிற்பவர், நாயோடு நடப்பவர், விளையாட்டுத் திடலில் குழந்தைக்குக் காவல் நிற்பவர்: தொடையை மூடும் பஃபர், தயங்கவே வேண்டாம். உடம்பு மாறிக்கொண்டிருக்கும் காலம்: ராப். வரவு செலவு இறுக்கம் என்றால் புதிய பாலியஸ்டர் கோட்டைவிட, ஒருவர் போட்டுக் கழித்த நல்ல கம்பளிக் கோட் மேல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டையைத் தேடுங்கள், அக்குள் லைனிங்கையும் காலரின் உள்மடிப்பையும் பாருங்கள். லைனிங் கிழிந்திருந்தால் மாற்றிவிடலாம்.

கடையில் கண்ணாடிமுன் நின்றால் மட்டும் போதாது. எல்லாப் பட்டனையும் பூட்டிக்கொண்டு உட்காருங்கள். மேல்தட்டில் எதையோ எடுப்பதுபோல் இரு கையையும் தூக்குங்கள். தன்னையே கட்டிக்கொள்வதுபோல் கைகளைக் குறுக்கே போடுங்கள். உங்கள் பையைத் தோளில் மாட்டுங்கள். கையைத் தொங்கவிட்டால் கோட்டின் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கட்டைவிரல் தொடங்கும் இடத்தைத் தொட வேண்டும். உள்ளே போட்டது எட்டிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள், நம் முதுகை நாம் பார்ப்பதில்லை.

வாங்கி வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னக் கத்தரியை எடுங்கள். கோட்டின் பின்பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு தையல் இருக்கும். கடைக்கு வரும்வரை மடிப்புக் கலையாமல் இருக்கப் போட்ட தற்காலிகத் தையல் அது. பலர் அது வடிவமைப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், கோட்டும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை வெட்டுங்கள். கைமேல் தைத்த பெயர்ச்சீட்டையும் பிரித்துவிடுங்கள். பாக்கெட் வாயை மூடியிருக்கும் நூல் தளர்வாக, நீளத் தையலாக இருந்தால் அதையும் பிரிக்கலாம். பிறகு தோள் அகலத்துக்கு மரத்தாங்கி ஒன்றில் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டால், மடித்து வந்த சுருக்கம் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.